நான் திறந்து வைத்த இரண்டாவது வாசல்

ஒரு பெண்ணின் மேல் பழி விழ விட்டேன். அந்தப் பழி முழுக்க என்னுடையது. அவள் பெயர் பச்சையம்மா. அதற்காக நான் நீளமாகப் பொய் பேசவும் இல்லை. ஒரே ஒரு சொல். 'இருக்கலாம்' என்றேன். அவ்வளவுதான்!

எழுபத்து நான்கு வயதில் இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு பயம். எதற்குப் பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் வழியில் எங்காவது மறுபடியும் ஒளிந்துகொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

தொலைபேசி நிலையத்தில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு போளூரில் தனியாக இருக்கிறேன். என் அக்கா ஜவ்வாது மலையில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். வேலை முடிந்த பிறகும் கீழே இறங்கி வர மறுத்து, அங்கேயே ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டாள். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோதும், "என்னை மலையை விட்டு இறக்கினீங்கன்னா வழியிலேயே செத்துடுவேன்டா" என்றாள். பேச்சு தெளிவாக இருந்தது. நினைவு மட்டும் அங்கங்கே அறுந்து போயிருந்தது.

அவளைப் பார்த்துக்கொண்டவள் பச்சையம்மா. பக்கத்து மலைக் கிராமத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். ஆறு ஆண்டுகள் அக்காவோடு அதே வீட்டில் இருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் தன் ஊருக்குப் போவாள். அன்றைக்கு அவளுடைய நாத்தனார் வந்து அக்காவைப் பார்த்துக்கொள்வாள்.

அக்காவின் ஒரே மகன் முரளி கனடாவில் இருக்கிறான். பாலம் கட்டும் பொறியாளன். மலைக்கு நல்ல இணைய இணைப்பு வந்த ஆண்டு அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, அம்மாவ தெனமும் பாக்கணும். ஆனா வேற எவனும் பாக்கக் கூடாது. உங்களால முடியுமா?"

முடியுமாவா? எத்தனை ஆண்டுகள் கம்பியோடும் இணைப்போடும் வாழ்ந்தவன் நான்! எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க அம்மா வூட்டை பேங்க் லாக்கர் மாதிரி பண்ணித் தர்றேன்டா" என்றேன்.

பண்ணியும் கொடுத்தேன். முதலில் சரியாகத்தான் செய்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். அக்காவின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்தேன். பேசினால் கேட்கும், இங்கிருந்தே தலையைத் திருப்பலாம். அதை வெளி உலகம் பார்க்காதபடி அடைத்தேன். உள்ளே வர ஒரே வழி. வி.பி.என். என்பார்கள். இணையத்துக்குள் தோண்டிய ஒரு சுரங்கப்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாதவனுக்கு அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது. ஒரு சிறு கணினிப் பெட்டியை அலமாரியில் வைத்து அதைக் காவலுக்கு உட்கார்த்தினேன். மூன்று சாவிகள் செய்தேன். முரளிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஊருக்குப் போகும் நாளில் அக்காவை எட்டிப் பார்க்கப் பச்சையம்மாவின் கைப்பேசியில் ஒன்று.

தினமும் காலை பதினொரு மணிக்கு நான் உள்ளே நுழைந்து, "அக்கா..." என்று கூப்பிடுவேன். அவள் கேமராவைப் பார்த்து, "வந்துட்டியா தம்பி" என்பாள். நான் பக்கத்து அறையிலிருந்து பேசுவதாகவே அவள் நினைத்தாள்.

பிறகு மழைக்காலம் வந்தது.

மலையில் காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் மின்சாரம் போகும். மின்சாரம் திரும்பி வந்தாலும் அந்தக் காவல் பெட்டி தானாக வேலையைத் தொடங்கவில்லை. யாராவது அதன் முன்னால் உட்கார்ந்து கட்டளைகளைத் தட்ட வேண்டும். அந்த யாராவது நான்தான். போளூரில் பேருந்து ஏறி, வளைவு வளைவாக மலையேறி, முழங்கால் வலியோடு இறங்கி, ஐந்து நிமிட வேலையை முடித்துத் திரும்புவேன். மூன்று வாரத்தில் நான்கு முறை!

அது தானே எழுந்துகொள்ளும்படி செய்ய வழி உண்டு. எனக்கு அது சரியாக வரவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டேனா? தெரியாது என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்கு வெளியே சாலையோரத்தில் இணைப்புப் பெட்டிகள் நிற்கும். பூட்டியிருக்கும். சாவி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கம்பி வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இன்னொரு சாவியைப் பெட்டியின் பின்பக்கம் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். திரும்பத் திரும்ப அலுவலகத்துக்கு யார் நடப்பது? நான் அதிகாரியான பிறகும் அதைக் கண்டும் காணாமல் இருந்தேன். நானும் அந்த ஆணியில் கை வைத்தவன்தானே!

அக்கா வீட்டிலும் அதையே செய்தேன். சுரங்கப்பாதையை அப்படியே விட்டுவிட்டு, இணையம் வந்து சேரும் ரௌட்டரிலேயே இரண்டாவதாக ஒரு வாசலைத் திறந்தேன். உலகத்தைப் பார்த்த வாசல். அதன் வழியாக ரௌட்டருக்குள்ளும் போகலாம், கேமராவுக்குள்ளும் போகலாம். அதற்குக் கடவுச்சொல், விற்றவர்கள் போட்டு அனுப்பிய அதே கடவுச்சொல். மாற்றினால் மறந்துவிடுவேன் என்று மாற்றவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்தது. நான் மூடவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது... மறக்கவில்லை. வசதியாக இருந்தது.

முரளி ஒருமுறை கேட்டான். "மாமா, எல்லாம் அந்த ஒரே வழிதானே? வேற எதுவும் தொறந்து வெக்கலியே?"

"சேச்சே!" என்றேன்.

தை மாதத்தில் ஒரு நாள். வழக்கம் போல் பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தேன். அக்கா கண்மூடிப் படுத்திருந்தாள். நான் இன்னும் பேசவில்லை. அப்போது படம் நகர்ந்தது.

என் விரல் திரையில் இல்லை. கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படம் மெதுவாக ஜன்னல் பக்கம் போனது. பிறகு கதவு. பிறகு மருந்து அலமாரி. ஒருவன் அறைக்குள் நின்று சுற்றிலும் பார்ப்பது போல... பிறகு திரும்பி வந்து அக்காவின் முகத்தில் நின்றது. நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

அறையில் யாரும் இல்லை. பச்சையம்மா கிணற்றடியில் இருந்தாள்.

அப்போது அந்தக் குரல் வந்தது.

"அக்கா..."

ஆண் குரல். தமிழ் தெரியாத நாக்கு. ஆனால் அந்த இழுப்பு என்னுடையது! நான் தினமும் கூப்பிடுகிற அதே இழுப்பு! எத்தனை நாள் என்னைக் கேட்டிருந்தால் அப்படிக் கூப்பிட வரும்? நீங்கள் வேறொருவன் வாயில் உங்கள் குரலைக் கேட்டிருக்கிறீர்களா?

அக்கா கண் திறந்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டியா தம்பி" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது கேட்டது. ஒருவனா, இருவரா, தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேனா? 'யாரடா நீ' என்று கேட்டேனா? கைப்பேசியை அணைத்தேன். ஆமாம், அணைத்தேன்! படுக்கையில் அசைய முடியாமல் கிடக்கும் என் அக்காவை அவனிடம் விட்டுவிட்டு, என் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். அவன் இருப்பது எந்தக் கண்டத்திலோ. நான் பூட்டியது போளூரில் என் வீட்டு முன்கதவை.

சில நிமிடங்களில் பச்சையம்மா கூப்பிட்டாள். மூச்சிரைத்தது.

"சார், இன்னா சார் இது? பொட்டில யாரோ ஆம்பள பேசறான். டீச்சரம்மா நீங்கன்னு நெனச்சிகினு பதில் சொல்லிகினு கீறாங்க. அது உங்க கொரல் இல்ல சார். துணி போட்டு மூடிட்டேன். அதோட ஒயரையும் புடுங்கிட்டேன்."

"நல்லது..." என்றேன். "லைன் கோளாறா இருக்கும். நான் பாக்கறேன்."

"கோளாறு அக்கான்னு கூப்புடுமா சார்?"

"துணிய எடுக்காத" என்றேன்.

"போன வாரம் கூட ரெண்டு தபா கேட்டுது. நீங்கதான் தொண்ட கட்டிகினு பேசறீங்கன்னு வுட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு, அதே இரண்டாவது வாசல் வழியாக ரௌட்டருக்குள் போனேன். யார் எப்போது வந்தார்கள் என்று அது குறித்து வைத்திருக்கும். பார்த்தேன். வாரக்கணக்கில்! எங்கெங்கோ இருக்கும் முகவரிகள். என் வருகைக்கு முன்னால், என் வருகைக்குப் பின்னால், சில நாள் என்னோடு சேர்ந்தே... நான் அக்காவோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொருவன் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

அந்த வாசலை மூடும் முன் ஒரு காரியம் செய்தேன். அந்தக் குறிப்புகள் முழுவதையும் அழித்தேன். பிறகு மூடினேன். இந்த வரிசையை நான் மாற்றிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் என் தடத்தை அழித்தேன். பிறகுதான் அக்காவைக் காப்பாற்றினேன்.

பச்சையம்மா அன்றே முரளிக்கும் சொல்லிவிட்டாள். ஒளித்துவைக்க அவளிடம் என்ன இருந்தது? முரளி என்னைக் கூப்பிட்டான். அவன் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு நடுக்கம்.

"மாமா, அம்மாவ அங்கதானே ஒடம்பு தொடச்சி விடுவாங்க... எல்லாத்தையும் பாத்திருப்பானா?"

"அந்த நேரத்துல பச்சையம்மா கேமரா மேல துண்டு போட்டுடுவா" என்றேன். அது உண்மை. யாரும் சொல்லித்தராமல் அவளாகவே வைத்துக்கொண்ட பழக்கம். அக்காவின் மானத்தைக் காத்தது அந்தத் துண்டு ஒன்றுதான்.

முரளி யோசித்தான். "ஆமா, நானும் பாத்திருக்கேன். அடிக்கடி மூடி வெக்கறா. ஏன் மாமா மூடணும்? அப்ப அங்க இன்னா நடக்குது? அவ போன்லயும் ஒரு சாவி இருக்குல்ல. யாருக்காவது குடுத்திருப்பாளோ?"

இதோ, இந்த இடம்தான். என் முன்னால் வழி திறந்து கிடந்தது. 'இல்லடா, நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் அம்மாவை நான் அந்நியனுக்குக் காட்டினேன் என்று அவனுக்குத் தெரிந்தால்... போலீசுக்குப் போனால்... இந்த வயதில் என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தால்... இத்தனை ஆண்டுகள் சம்பாதித்த பெயர்...

"இருக்கலாம்" என்றேன்.

மறுநாள் முரளி பச்சையம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டான்.

அவள் எனக்கு ஒரே ஒருமுறை போன் செய்தாள். "சார், நீங்க படிச்சவரு. அந்தப் பொட்டி வெச்சது நீங்க. நான் பண்ணலன்னு முரளி சாருக்கு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் சார்." நான், "பேசிப் பாக்கறேன்மா" என்றேன். பேசவில்லை.

வேலூரிலிருந்து ஒரு ஏஜென்சி பெண் வந்தாள். அக்கா அவள் கையால் சரியாகச் சாப்பிடவில்லை. வாயை இறுக மூடிக்கொள்வாள். சாவி போட்ட சுரங்கப்பாதை வழியாக, இப்போது நிஜமாகவே ஒழுங்காக, நான் தினமும் பார்த்தேன். ஆனால் "அக்கா" என்று கூப்பிடத்தான் முடியவில்லை. அந்த இழுப்பு என் தொண்டையில் இல்லை. அதை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேமராவின் தலை நான் திருப்பித் திரும்பினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் பார்த்ததை எங்கே வைத்திருக்கிறான்? யாருக்குக் காட்டியிருக்கிறான்? இன்றுவரை தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

ஒரு நாள் அக்கா தானாகவே பேசினாள். "தம்பி, பச்சையம்மா எங்கடா? நான் அவள ஏதாவது திட்டிட்டேனா?"

அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்லாமல் முரளியை அழைத்தேன். ஐந்து மாதம் கழித்து. எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், கடவுச்சொல், அழித்த குறிப்புகள், 'இருக்கலாம்'. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, "ஹலோ... ஹலோ..." என்றேன்.

"லைன்லதான் இருக்கேன் மாமா" என்றான். "நீங்க சாவிய அழிச்சிடுங்க. அம்மாவ பாக்கணும்னா நேர்ல போய்ப் பாருங்க."

போலீசும் இல்லை, கூச்சலும் இல்லை. நான் அத்தனை பயந்த தண்டனை வரவே இல்லை. அவன் பச்சையம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான், திரும்ப வரச்சொல்லி இருக்கிறான். அவள் வர மறுத்துவிட்டாள்.

நான் மலையேறி அவள் கிராமத்துக்குப் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பழக்கத்தில் நாற்காலியைத் தேடினாள். நான் நின்றபடியே சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றாள்.

"தெரியுமா?"

"நான் பண்ணல. முரளி சாரு பண்ணல. மிச்சம் யாரு கீறாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்கிட்ட வந்து சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதயே எனக்குச் சொல்றீங்க. ஊர்ல சொல்லுங்க. டீச்சரம்மாவ படம் புடிச்சி எவனுக்கோ காட்டினவன்னு பேசிகினு கீறாங்க. பள்ளிக்கூட ஆஸ்டல்ல சமையல் வேல சொல்லி வெச்சிருந்தேன், அதுவும் இல்லன்னுட்டாங்க. போனக் கையில எடுத்தா, 'இன்னாடி, எங்களயும் காட்டப் போறியா'ன்றாளுங்க."

நியாயம்தானே? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் முன்னால் ஊர் கூடியபோது போய் நின்றேன். ஊர்த் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். மறுத்தேன். கூட்டத்தின் ஓரத்தில் பச்சையம்மா நின்றிருந்தாள்.

சொன்னேன். ரௌட்டர் என்றேன், வாசல் என்றேன், கடவுச்சொல் என்றேன். என் குரல் எனக்கே வகுப்பறைப் பாடம் போலக் கேட்டது. முகங்கள் ஒன்றும் புரியாமல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "தப்பு பண்ணினது நான். இந்தப் பொம்பள இல்ல. நான்!" என்று மார்பில் தட்டிக்கொண்டேன்.

ஊர்த் தலைவர் மெதுவாகச் சிரித்தார். "போளூர்ல உக்காந்துகினு மலைல கீற வூட்ட நீங்க எப்பிடி சார் தொறப்பீங்க?"

"அதான் சொல்றேன், இணையம் வழியா..."

"சார், நீங்க எவ்ளோ பெரிய ஆபீசரு. டீச்சரம்மாவுக்குக் கூடப் பொறந்தவரு. நீங்களா அப்பிடிப் பண்ணுவீங்க? இவ வேல இல்லாம கஷ்டப்படறான்னு பழிய உங்க தலைல போட்டுக்கறீங்க. எங்களுக்குப் புரியாதா?"

"இல்லங்க! நெசமாவே நான்தான்..."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "பாத்துக்கோங்கடி, மனுசன்னா இப்பிடி இருக்கணும்." இன்னொருத்தி சொன்னாள், "அவ போய்க் காலப் புடிச்சி அழுதிருப்பா, பாவம், கெழவரு மனசு எரங்கிட்டாரு."

நான் சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் என் மேல் மரியாதை ஏறிக்கொண்டே போனது. அதை என் கண்ணால் பார்த்தேன். நான் பச்சையம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் எவனுக்கோ காட்டினவள் மட்டும் இல்லை. ஒரு கிழவனைப் பொய் சொல்லக் கூட்டிவந்தவளும் ஆகிவிட்டாள்.

புறப்படும்போது ஊர்த் தலைவர் ஒரு பாட்டில் மலைத்தேனை என் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். விடவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன்!

முரளி அந்த ஊருக்கு ஒரு கடிதம் எழுதினான், தப்பு செய்தது நான்தான் என்று என் பேரையும் போட்டு. அதைக் கோயில் முன்னால் படித்தார்களாம். மாமனும் மருமகனும் சேர்ந்து அவளுக்கு இரக்கம் காட்டுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். பச்சையம்மா இப்போது மலையை விட்டு இறங்கி, அமிர்திப் பக்கம் நாற்றுப்பண்ணையில் கூலிக்குப் போகிறாள். அங்கேயும் நான் போய்ப் பேச வேண்டுமா என்று கேட்கப் போன மாதம் அவளுக்குப் போன் செய்தேன்.

"வேணாம் சார்" என்றாள். கோபம்கூட இல்லை. "இனிமே எனக்காக எங்கயும் பேசாதீங்க. நீங்க பேசப் பேச அவங்க உங்களத்தான் நல்லவருன்றாங்க."

அவள் சொன்னது சரி. அதனால் பேசுவதை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். என்னைத் தெரியாத உங்களுக்கு. என் வேலையும் வயதும் நரையும் உங்கள் கண்ணை மறைக்காது என்ற நம்பிக்கையில்.

ஆனால் இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு ஒரு முறை படித்துப் பார்த்தேன். எவ்வளவு மனம் திறந்து எழுதியிருக்கிறார், எவ்வளவு பெரிய மனது என்று நீங்களும் சொல்லிவிடுவீர்களோ...

எனக்குப் பயமாக இருக்கிறது.